சறுக்கலா, வழுக்கலா?

மதுரை, மொழிபெயர்ப்பாளர்:

குழுவினருக்கு வணக்கம். குடிநோய் மறுவாழ்வுப் பணியாளர்களுக்கான கையேடு ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும், திங்களன்று பயிற்சி. 'லேப்ஸ்', 'ரிலாப்ஸ்' என்ற இடத்தில் வண்டி நின்றுவிட்டது. 1985இல் உளவியலாளர்கள் மார்லட்டும் கார்டனும் பிரித்துக் காட்டியது இது. நிறுத்தியவர் ஒருநாள் குடித்துவிட்டால் லேப்ஸ்; பழையபடி முழுக்குடிக்கே போய்விட்டால் ரிலாப்ஸ். முதலாவது நடந்தால் இரண்டாவதும் நடந்தே தீரும் என்பதில்லை. 'எல்லாம் போச்சு, இனி என்ன இருக்கு' என்ற குற்ற உணர்வுதான் பெரும்பாலும் இழுத்துப்போகிறது. பழைய கையேட்டில் இரண்டுக்குமே 'மீண்டும் குடித்தல்' என்று இருக்கிறது. எனக்கு இரண்டு சொல் வேண்டும்.

தஞ்சாவூர், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

வள்ளுவர் தந்துவிட்டார். 'இழுக்கல் உடையுழி ஊற்றுக்கோல் அற்றே' (415). வழுக்கும் நிலத்தில் ஊன்றுகோல்போல் உதவும் சொல். அதுவும் 'கேள்வி' அதிகாரத்தில்! ஆலோசகரின் வேலை வேறென்ன? எனவே 'இழுக்கல்'. இல்லையென்றால் 'சோர்வு': 'உவகை மகிழ்ச்சியிற் சோர்வு' (531), அதாவது மறந்து நழுவுதல். அதுவும் வேண்டாமென்றால் 'வழுக்கல்'. 'வழுக்கியும் வாயாற் சொலல்' (139) என்பதில் 'தவறியும்' என்றே பொருள். வழு, வழுவுதல், வழுக்கல் எல்லாம் ஒரே வேர் என்பேன். காரணம் பற்றி ஏற்றுக்கொள்ளும் பிழையை இலக்கணம் வழுவமைதி என்கிறது. இலக்கணத்துக்கு இருக்கும் அந்தப் பொறுமை மருத்துவத்துக்கும் வேண்டும்.

சேலம், மறுவாழ்வு ஆலோசகர்:

ஐயா, 'குடும்பத்துக்கே இழுக்கு' என்று கேட்டுக் கேட்டு நொந்துதான் எங்களிடம் வருகிறார்கள். 'இழுக்கத்தின் எய்துவர் எய்தாப் பழி' என்றும் அதே வள்ளுவர் சொல்லியிருக்கிறாரே. சோர்வு என்று எழுதினால் அடுத்து வரும் செவிலியர் உடம்பு அசதி என்றுதான் படிப்பார்.

நான் முன்பு வேலை பார்த்த ஒரு மையத்தில் நடந்ததைச் சொல்கிறேன். 118 நாள் தொடாமல் இருந்தவர். அண்ணன் இறந்த வீட்டில், பந்தலுக்குப் பின்னால் யாரோ நீட்டிய ஒரு கட்டிங்கைக் குடித்துவிட்டார். மறுநாள் காலையில் தானாகவே வந்து, "சறுக்கிட்டேன் மேடம்" என்றார். குடிக்காத நாட்களைக் குறிக்கும் அவரது அட்டையில் 118ஐச் சிவப்பு மையால் அடித்துவிட்டு 0 போட்டார்கள். பக்கத்தில் 'மீண்டும் குடிநோயாளி'. அவர் அந்த அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் வரவே இல்லை. அவர் வாயில் வந்த சொல்தான் எனக்கு வேண்டும்: சறுக்கல். யானைக்கும் அடி சறுக்கும் என்று எல்லா வீட்டிலும் சொல்கிறார்கள். யானையை யாரும் திட்டுவதில்லை.

யாழ்ப்பாணம், உளவளத்துணையாளர்:

சறுக்கல் எங்களுக்கும் விளங்கும். ரிலாப்ஸுக்கு 'மீள்குடி' என்று ஒருவர் தனிமடலில் எழுதியிருந்தார். தயவுசெய்து வேண்டாம். இங்கே மீள்குடியேற்றம் என்றால் போரில் இடம்பெயர்ந்த சனம் ஊர் திரும்புவது. மீட்சி, மீண்டுவிட்டார் என்று நல்ல செய்திக்கு வழங்கும் 'மீள்' இந்த இடத்தில் குழப்பும். இன்னொன்று: கையேடு முழுக்க ஆலோசகர் என்கிறீர்கள். நாங்கள் உளவளத்துணையாளர் என்போம். ஆலோசனை சொல்லிக்கொண்டே இருந்தால் எதிரில் இருப்பவர் வாய் திறக்க மாட்டார். துணைதான் முக்கியம்.

தஞ்சாவூர், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

அதற்கு ஆற்றுப்படுத்துநர் இருக்கிறதே, அம்மா. பரிசில் பெற்றுத் திரும்பும் பாணன், எதிரே வரும் பாணனிடம் 'நான் போன வழி இது, நீயும் போ' என்பதுதான் ஆற்றுப்படை. குடியை விட்டவர் இன்னும் விடாதவருக்கு வழி சொல்வது அப்படியே இதில் பொருந்தும். ஆறு என்றால் வழி; ஆற்றுதல் என்றால் தணித்தல். இரண்டு பொருளும்...

மதுரை, மொழிபெயர்ப்பாளர்:

ஐயா, மன்னிக்க வேண்டும், நாளை வெள்ளி. குடியை விட்டு, இப்போது பிறருக்குத் துணை நிற்பவரை மட்டும் ஆற்றுப்படுத்துநர் என்று குறித்துக்கொள்கிறேன். மற்ற இடங்களில் ஆலோசகர் இருக்கட்டும். லேப்ஸுக்குச் சறுக்கல் என்று ஒன்பது பேர், வழுக்கல் என்று இரண்டு பேர். ரிலாப்ஸுக்கு 'மறுவீழ்ச்சி' என்று ஏழு பேர். சரி, இதோடு அனுப்பிவிடுகிறேன்.

தஞ்சாவூர், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

வழுக்கலே செம்மை என்பதில் மாற்றமில்லை. அடிக்குறிப்பிலாவது போடுங்கள்.

சேலம், மறுவாழ்வு ஆலோசகர்:

மறுவீழ்ச்சியை நான் ஏற்கவில்லை. வீழ்ந்தான் என்று காதில் விழுந்தால் மனைவி மக்கள் கைவிட்டுவிடுகிறார்கள். 'பழைய குடிக்குத் திரும்புதல்' நீளம்தான், அட்டைக் கட்டத்தில் அடங்காது என்பதும் தெரியும். கட்டத்தைப் பெரிதாக வரையச் சொல்லுங்கள். திங்களன்று '118 நாள், ஒரு சறுக்கல், மறுநாளே வந்தார்' என்று எழுதிய ஒரு மாதிரி அட்டையைக் கொண்டுவருகிறேன்.