கோபேயை ஒரே நாளில் காரில் பார்க்க: ஒசாகா பக்கம் புதிதாக வந்தவர்களுக்கு

கோபேக்குக் காரில் போகலாம். ஆனால் கார் உதவுவது ஊரின் இரண்டு ஓரங்களுக்குத்தான்: மேற்கே அகாஷி பாலம், வடக்கே ரொக்கோ மலை. நடுவில் இருக்கும் துறைமுகமும், கிதானோ என்ற மலையடிவாரப் பகுதியும் நடந்தே பார்க்க வேண்டியவை.

முதலில் உரிமம். இந்திய, இலங்கை உரிமத்தோடு ஐ.டி.பி. (சர்வதேச ஓட்டுநர் அனுமதி) இருந்தால், அது செல்லுபடியாகும் வரை, ஜப்பானில் இறங்கிய நாளிலிருந்து அதிகபட்சம் ஓராண்டு ஓட்டலாம். அது முடியும் நேரத்தில் ஊருக்கு ஒரு நடை போய்ப் புது ஐ.டி.பி. வாங்கிவந்தால் போதும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இங்கே குடியிருப்பவர் மூன்று மாதம் வெளியே இருக்காமல் திரும்பினால் அந்த ஓராண்டு புதிதாகத் தொடங்காது. பிடிபட்டால் உரிமமில்லாமல் ஓட்டிய குற்றம். ஜப்பான் உரிமமாக மாற்றும் எழுத்துத் தேர்வும் 2025 அக்டோபர் முதல் 50 கேள்வி, 45 சரியாக வேண்டும். தள்ளிப்போடாமல் படிக்கத் தொடங்குங்கள்.

வண்டி இடப்பக்கம்தான் ஓடும், நமக்குப் பழக்கம். பழக்கம்தான் வினையும்: ஃப்ரீ லெஃப்ட் இங்கே கிடையாது. சிவப்பு விழுந்தால் இடப்புறம் திரும்பவும் நிற்க வேண்டும். ரயில்வே கேட் திறந்திருந்தாலும் முழுதாக நின்றுதான் கடக்க வேண்டும்.

வாடகைக் காரில் இ.டி.சி. (நிற்காமல் சுங்கம் கட்டும்) கருவி இருக்கும், கார்டு இருக்காது, கேட்டு வாங்குங்கள். சுங்கச்சாவடியில் ஊதாப் பலகை உள்ள இ.டி.சி. வழியில் 20 கி.மீ. வேகத்துக்கு மேல் போகாதீர்கள். தடுப்பு திறக்காவிட்டால் பின்னால் எடுக்காமல் நின்று, இன்டர்காமில் பேசுங்கள்.

ஒசாகாவிலிருந்து வரும் கோபே லைன் என்ற விரைவுச்சாலை நெரிசலுக்குப் பேர்போனது. வார இறுதியில் ஏழு மணிக்குள் கிளம்பி நேரே அகாஷி பாலத்தடியில் உள்ள மைகோ பூங்காவுக்குப் போங்கள். பாலத்தைக் கடக்க வேண்டியதில்லை. கடலிலிருந்து 47 மீட்டர் உயரத்தில், பாலத்துக்குள்ளேயே நடைபாதை இருக்கிறது. இரு கோபுரங்களுக்கு நடுவே மட்டும் 1,991 மீட்டர்.

மதியம் துறைமுகத்தில் உள்ள மெரிக்கன் பூங்கா அருகே ஒரே இடத்தில் நிறுத்திவிடுங்கள். வண்டியை மெஷினே தூக்கி அடுக்கும் மெஷின் பார்க்கிங் பலவற்றில் உயரம் 1.55 மீட்டர்தான், உயரமான கே கார் (ஜப்பானின் குட்டிக் கார்) நுழையாது. காயின் பார்க்கிங்கில் சில நிமிடத்தில் இரும்புத் தகடு எழும்பி வண்டியை மறிக்கும். கிளம்பும்போது உங்கள் இடத்து எண்ணை அழுத்திக் காசு போட்டு, தகடு முழுதாக இறங்கியதைக் குனிந்து பார்த்துவிட்டு எடுங்கள். அவசரப்பட்டால் வண்டியின் அடிப்பாகம் போச்சு. பக்கத்து எண்ணை அழுத்தினால் அடுத்தவர் கட்டணத்தை நீங்கள் கட்டியிருப்பீர்கள். பல மெஷின்கள் 1,000 யென் தாளுக்கு மேல் எடுக்காது. 'அதிகபட்சக் கட்டணம்' என்ற பெரிய எழுத்துக்குக் கீழே 'வார நாள் மட்டும்' என்று பொடி எழுத்து இருக்கிறதா என்றும் பாருங்கள்.

பூங்காவில் 1995 நிலநடுக்கத்தில் உடைந்த படகுத்துறையின் ஒரு பகுதியை, சாய்ந்த விளக்குக் கம்பங்களோடு அப்படியே விட்டிருக்கிறார்கள். கடைகளைவிட அதற்கு நேரம் கொடுங்கள். கிதானோவின் செங்குத்தான சந்துகளுக்குள் காரை விடவே கூடாது. வழி தவறினால் மலை தெரியும் பக்கம் வடக்கு. இந்திய வணிகர்கள் பல தலைமுறையாக இருக்கும் ஊர் என்பதால் கிதானோவில் ஜெயின் கோயிலே உண்டு. அந்தப் பக்கம் இந்தியச் சாப்பாடும் கிடைக்கும்.

இருட்டும் முன் ரொக்கோ ஏறுங்கள். இறங்கும்போது பிரேக்கையே மிதித்துக்கொண்டிருந்தால் சூடேறிப் பிடிக்காமல் போகும். கியரை B அல்லது L-இல் போடுங்கள். குளிர்காலத்தில் ஸ்டட்லெஸ் டயர் (பனிக்கால டயர்) இல்லாமல் மலைப் பக்கமே வேண்டாம்.

வண்டியைத் திருப்பும் முன் டேங்க் நிரப்ப வேண்டும். சிவப்புக் குழாய் ரெகுலர், மஞ்சள் ஹை-ஆக்டேன், பச்சை டீசல். ரசீதை வைத்திருங்கள், சில இடங்களில் கேட்பார்கள்.