அப்புச்சி வீடு: ஞாயிறு ராத்திரி குரூப்பில்

கனி (9:12): மாமா, கொல்லிமலை கொண்டை ஊசி வளைவுல எவ்ளோ வேகத்துல திருப்புவீங்க? கணக்குக்கு வேணும்

செல்வம் மாமா: எந்த வளைவு கண்ணு? 70 இருக்கு

கனி: ஏதோ ஒண்ணு மாமா

செல்வம் மாமா: திருப்பும்போது மீட்டரை எவன் பாப்பான். இறங்கறப்ப செகண்ட் கியர்தான். 15 தாண்டுனா எனக்கே வயித்தக் கலக்கும்

அம்மா: படிக்கச் சொன்னா மாமாகூட அரட்டை

கனி: இதுதாம்மா படிப்பு. இன்டர்னல்ல 2 மார்க் போச்சு. ரோட்டுல நின்னு பாக்கறவங்களுக்கு, வளைவுல போற வண்டி மேல என்னென்ன விசைன்னு வரையச் சொன்னாங்க. வெளிப்பக்கமா ஒரு அம்பு போட்டு மையவிலக்கு விசைன்னு எழுதுனேன். சிவப்புல அடிச்சுட்டாங்க

செல்வம் மாமா: அடிச்சாங்களா? சரியாத்தான எழுதிருக்க. கிளீனர் பையன் கதவுல போய் மோதறானே, தானாவா மோதறான்?

பிரபு அண்ணன்: ஆமா மாமா, தானாத்தான் 😄 அவன் நேரா போகப் பாக்கறான், வண்டி உள்பக்கம் திரும்புது. கதவுதான் வந்து அவனை உள்ள தள்ளுது

பிரபு அண்ணன்: வண்டிக்குள்ள உக்காந்து கணக்குப் போட்டா அந்த வெளி அம்பு வேணும். ரோட்டோரம் நின்னு பாத்தா கிடையாது. கேள்வியிலயே ரோட்டுலன்னு சொல்லிட்டாங்களே கனி

கனி: 🤦‍♀️

பிரபு அண்ணன்: கவலப்படாத. 1659லயே ஹைகன்ஸ்ங்கற டச்சு விஞ்ஞானி இதை வெளிய தள்ற விசைன்னுதான் கணக்குப் போட்டாரு. பேரும் அவர் வெச்சதுதான். அப்புறம் வந்த நியூட்டன்தான் உள்ள இழுக்கறதுக்கு மையநோக்கு விசைன்னு பேர் வெச்சாரு

கனி: அப்ப வண்டியை உள்ள இழுக்கறது டயர் உராய்வு. வளைவு ஆரம் 12 மீட்டர், காஞ்ச ரோட்டுக்கு உராய்வுக் குணகம் (ரோடு டயரை எவ்ளோ பிடிக்குதுங்கற அளவு) 0.7னு வெச்சுக்கிட்டேன். மணிக்கு 32.7 கி.மீ. வரை சறுக்காது. மழைன்னா 0.4, 24.7தான்

கனி: சமன்பாட்டுல ரெண்டு பக்கமும் நிறை அடிபட்டுடுது. காலி வண்டிக்கும் லோடு வண்டிக்கும் ஒரே வேகம்!

செல்வம் மாமா: எந்தப் புண்ணியவான் சொன்னான்? மலை மேல சோளக்காடு ஊர்ல வாழைத்தார் ஏத்திட்டு காலி வண்டி மாதிரி இறக்கு பாக்கலாம்

கனி: கணக்கு அப்படித்தான மாமா வருது 😐

அம்மாயி: 🎤 0:09

அம்மா: அம்மாயி, தம்பி மெதுவாப் போன்னு சொல்றாங்க. மத்ததெல்லாம் இருமல்

பிரபு அண்ணன் (9:41): மாமா சொல்றது வேற கனி. நீ போட்டது சறுக்கற கணக்கு. அவர் பயப்படறது சாயறதுக்கு

பிரபு அண்ணன்: உராய்வு இழுக்கறது தரையில. வண்டியோட ஈர்ப்பு மையம், அதாவது மொத்த எடையும் குவியற புள்ளி, மேல. அதனால உள்பக்க டயர் தூக்கப் பாக்கும். இதே வளைவுல எந்த வேகத்துல தூக்கும்ங்கறதுக்கு ரெண்டே அளவு: இடது, வலது சக்கரத்துக்கு நடுவுல உள்ள அகலத்துல பாதி, ஈர்ப்பு மையத்தோட உயரம். முதல்தை ரெண்டாவதால வகு. உராய்வுக் குணகத்தைவிடக் குறைஞ்சா சறுக்கறதுக்கு முன்னாடியே சாயும்

கனி: பாதி அகலம் 0.75 மீட்டர்னு வெச்சுக்கறேன். காலி வண்டி உயரம் 0.8. வகுத்தா 0.94. சாயாது, முதல்ல சறுக்கும்

கனி: தார் அடுக்குனா உயரம் 1.4னு வெச்சா 0.54. ஐயோ. 28.6லயே சாஞ்சிரும்!

செல்வம் மாமா: அதத்தான் சொன்னேன்

கனி: ஆனா இதுலயும் நிறை வரல மாமா. எடை இல்ல, உயரம்தான்

செல்வம் மாமா: அட ஆமா. கம்பி லோடு ஏத்துனா அத்தனை டன்னுக்கும் வண்டி அடங்கி நிக்கும். வைக்கப்போர் எடையே இருக்காது, காத்துக்கே ஆடும்

கனி: மழையில 0.4தான, 0.54ஐ விடக் கம்மி. அப்ப தார் லோடும் முதல்ல சறுக்கத்தான் செய்யும்?

செல்வம் மாமா: பின்ன. மழையில வழுக்கும், வெயில்லதான் கவுறும். இதுக்கா காலேஜுக்குப் பணம் கட்டறோம்

பிரபு அண்ணன்: 😂😂 ஒண்ணு மாமா, ரோடு இறக்கம், லோடு அசையறது எதையும் அவ சேக்கல. நிஜத்துல வேகம் இன்னும் கம்மிதான். உங்க 15ஐயே வெச்சுக்கோங்க

அம்மா: அந்த 2 மார்க் திரும்பக் கிடைக்குமா?

கனி: கிடைக்காதும்மா

அம்மா: அப்ப போய்ப் படு. மணி பத்தாச்சு