டெண்ட் பறந்துவிட்டது, அடுத்த வாரம் பாலைவன விழா! என்ன ஆணி வாங்குவது?

முதல்பயணம் (திங்கள், இரவு 10:12)
அவசரம். பாலைவன விழாவுக்கு முதல்முறையாகப் போகிறோம். இன்று டெண்டை வெளியே போட்டுப் பார்த்தோம். கொஞ்சம் காற்று அடித்தது, ஆணியைப் பிடுங்கிக்கொண்டு வேலி வரை உருண்டுவிட்டது. கூடவே வந்த ஆணிகள் இரண்டு வளைந்தும் போய்விட்டன. எந்த ஆணி வாங்க வேண்டும்? தண்ணீர் எவ்வளவு? சீக்கிரம் சொல்லுங்கள்.

கடற்கரையாள்
மணலில் ஆணி நிற்கவே நிற்காது. நான்கு துணிப்பைகளில் மணலை நிரப்பி, கயிறு கட்டி, ஒன்றரை அடி ஆழத்தில் புதையுங்கள். மேலே மண்ணை மிதித்து இறுக்குங்கள். கடற்கரையில் பல வருடங்களாக இப்படித்தான் கட்டுகிறேன், ஒருமுறைகூடப் பிடுங்கியதில்லை.

கணக்குப்பிள்ளை
எந்தப் பாலைவனம்? எந்த விழா? எத்தனை பேர், எத்தனை நாள், என்ன வண்டி? டெண்ட் எந்த வகை, வலைக்கூரை உண்டா? இதெல்லாம் தெரியாமல் யார் எதைச் சொன்னாலும் ஊகம்தான்.

முதல்பயணம்
மன்னிக்கவும், அவசரத்தில் விட்டுவிட்டேன். அமெரிக்காவின் நெவாடாவில் நடக்கும் பர்னிங் மேன். வழக்கமான 6 பேர் டெண்ட்.

பிளாயா_பழசு
11 முறை போய் வந்தவன் சொல்கிறேன், கவனமாகக் கேளுங்கள். விழாக்காரர்களே ஒரு வழிகாட்டி வெளியிடுகிறார்கள். அதில் உங்கள் இரண்டு கேள்விக்கும் பதில் இருக்கிறது. ஒரு மணி நேரம் ஒதுக்கி அதைப் படிக்காமல் பயணத்துக்கு ஒரு வாரம் முன்பு கேட்பது, கூட வருகிறவர்களுக்கும் ஆபத்து. அங்கே கடை கிடையாது. விற்பது ஐஸ் மட்டும்தான். மறந்ததை வாங்கிக்கொள்ளலாம் என்ற நினைப்பே கூடாது.

கடற்கரையாளருக்கு: அது மணல் இல்லை. பழைய லஹான்டன் ஏரியின் அடிப்படுகை, காய்ந்து வெடித்த களிமண். குழி தோண்டிப் புதைப்பதை அங்கே ஏற்கவும் மாட்டார்கள்.

இனி ஆணி. லேக் போல்ட் (திருகி இறக்கும் பெரிய திருகாணி) வாங்குங்கள், அரை அங்குலத் தடிமன், 14 அங்குல நீளம். ஒவ்வொன்றிலும் ஒரு பெரிய வாஷரும், மூன்று கண்ணியுள்ள சங்கிலித் துண்டும் கோத்துவிடுங்கள். இம்பாக்ட் டிரைவர் என்ற திருகும் மின்கருவியில் முக்கால் அங்குல சாக்கெட் மாட்டி இறக்கினால் அரை நிமிடத்தில் உள்ளே போய்விடும். கயிற்றைச் சங்கிலியில் கட்டுங்கள், போல்ட் தலையில் கட்டாதீர்கள். கிளம்பும் நாள் டிரைவரைத் திருப்பிச் சுற்றினால் வெளியே வந்துவிடும்.

நிழல்விரும்பி
ஆணியைவிட முக்கியம் நிழல். காலை 8 மணிக்கே டெண்டுக்குள் படுக்க முடியாது. மேலே தனியாக ஒரு நிழல்துணி கட்டி, அதற்கும் டெண்டுக்கும் நடுவே காற்று போக இடம் விடுங்கள். அப்புறம் ஒரு பக்கெட் கூலர் செய்துகொள்ளுங்கள். பக்கெட், சிறிய பம்ப், பஞ்சு, மின்விசிறி, ஒரு சோலார் தகடு, அவ்வளவுதான். அங்கே காற்றில் ஈரம் மிகக் குறைவு, அதனால் நன்றாகவே குளிர்விக்கும். பகல் வெயில் 100 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொடும் நாளில் மதியம் இரண்டு மணி நேரம் தூங்க முடிவது பெரிய விஷயம். அதைச் செய்து பார்த்த பிறகுதான் எனக்கு அந்த இடமே பிடிக்க ஆரம்பித்தது.

சேற்றில்நின்றவள்
போல்ட் நல்லதுதான். ஆனால் இம்பாக்ட் டிரைவர் இல்லாதவர்களுக்கு இரண்டு அடி முறுக்குக் கம்பி போதும். சம்மட்டியால் சாய்வாக அடித்து, மேல் நுனியை டென்னிஸ் பந்தால் மூடுங்கள். இருட்டில் அந்தக் கம்பியில் காலைக் கிழித்துக்கொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன். பிடுங்கும்போது சுற்றிலும் கொஞ்சம் தண்ணீர் விட்டு, பிளையரால் திருகி எடுக்க வேண்டும்.

கணக்குப்பிள்ளை
நான் கேட்டதில் பாதிக்குத்தான் பதில் வந்தது. எத்தனை பேர்? என்ன வண்டி? வலைக்கூரையா?

முதல்பயணம்
4 பேர். ஞாயிறு போய் அடுத்த திங்கள் திரும்புகிறோம். வண்டி என்னுடைய செடான், பின்னால் சைக்கிள் ஸ்டாண்ட் மாட்டியிருக்கிறோம். கூரை முழுக்க வலைதான், மேலே சின்ன உறை இருக்கிறது. கூலர் யோசனை நன்றாக இருக்கிறது, செய்யலாம் என்று இருக்கிறோம்.

கணக்குப்பிள்ளை
கொஞ்சம் பொறுங்கள் தம்பி. ஆணியைவிடப் பெரிய சிக்கல் இங்கே இருக்கிறது.

விழாவின் பரிந்துரை ஒருவருக்கு நாளைக்கு ஒன்றரை கேலன். 4 பேர், 8 நாள் என்றால் 48 கேலன். ஒரு கேலன் 8.3 பவுண்டு, ஆக தண்ணீர் மட்டும் 400 பவுண்டு. ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஒரு தாள் ஒட்டியிருக்கும். ஆட்களும் சாமானும் சேர்ந்து எவ்வளவு எடை ஏற்றலாம் என்று அதில் போட்டிருப்பார்கள். அதைப் பார்த்துச் சொல்லுங்கள். கூலருக்கான தண்ணீர் இந்தக் கணக்கில் வரவில்லை. அதுவும் நாளைக்குச் சில கேலன் குடிக்கும்.

முதல்பயணம்
850 பவுண்டு என்று இருக்கிறது. நாங்கள் நால்வரும் சேர்ந்து 640 வருவோம்.

கணக்குப்பிள்ளை
அப்படியானால் மிச்சம் 210. தண்ணீரில் பாதிதான் ஏற்றலாம். டெண்ட், உணவு, ஐஸ்பெட்டி, சைக்கிள் எதுவும் இல்லாமல்! ரீனோ நகரிலிருந்து அங்கே 100 மைலுக்கு மேல். அதில் பெரும்பகுதி 447 என்ற இருவழிச் சாலை. கடைகள் குறைவு, டயர் வெடித்தால் உதவி வர நேரமாகும். அதிக பாரத்தோடு அந்தச் சாலையில் போகாதீர்கள், தயவுசெய்து.

நிழல்விரும்பி
தண்ணீரைக் குறைத்துக்கொள்ளலாமே. ஒருவருக்கு ஒரு கேலன் போதும். ஒவ்வொரு வருடமும் பாதிப் பேர் மிச்சத் தண்ணீரைத் திருப்பிச் சுமந்து வருகிறார்கள். குளிக்காமல் ஈரத்துணியால் துடைத்துக்கொண்டால் நிறைய மிச்சமாகும்.

பிளாயா_பழசு
முதல்முறை போகிறவரிடம் இப்படிச் சொல்லக் கூடாது. அனுபவம் உள்ளவர்தான் குறைக்கலாம்.

நிழல்விரும்பி
நானும் 6 முறை போயிருக்கிறேன் ஐயா. குடிப்பதற்குக் குறைக்கச் சொல்லவில்லை, கழுவுவதற்குக் குறைக்கச் சொன்னேன். கழுவிய தண்ணீரைத் தரையில் ஊற்றக் கூடாது, அதையும் திருப்பிக் கொண்டுவர வேண்டும். குறைவாகக் கழுவினால் அந்தத் தொல்லையும் குறையும்.

சேற்றில்நின்றவள்
கழுவக் குறைவாகச் செலவழியுங்கள், சரி. கொண்டுபோவதைக் குறைக்காதீர்கள். 2023 செப்டம்பர் 1, வெள்ளிக்கிழமை மழை பிடித்தது. அந்த மண் நனைந்தால் பிசின் மாதிரி, நாலடி வைத்தால் செருப்பில் செங்கல் கனம் ஒட்டும். வாயிலை மூடிவிட்டார்கள், வண்டி ஓட்டத் தடை, 70,000-க்கும் மேற்பட்டவர்கள் உள்ளே. தண்ணீரையும் உணவையும் சிக்கனமாகப் பயன்படுத்துங்கள் என்று அறிவித்தார்கள். திங்கள் மதியம்தான் வெளியேற விட்டார்கள். எங்கள் பக்கத்து டெண்டில் இரண்டு பிள்ளைகள் சனிக்கிழமையே தண்ணீர் தீர்ந்து உட்கார்ந்திருந்தார்கள். எங்களிடம் உபரி இருந்ததால் கொடுத்தோம். அந்த உபரிதான் நீங்கள் வீணாகச் சுமந்து வருவதாகச் சொல்கிற தண்ணீர்.

நிழல்விரும்பி
இதை மறுக்க முடியாது. ஒரு கேலன் என்று சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன். முதல்பயணம், கூலரை இந்த முறை விடுங்கள். நிழல்துணி எடை குறைவு, அது மட்டும் போதும்.

கடற்கரையாள்
தூசிக்கு என்ன செய்வார்கள்? அது வெறும் மணல் இல்லை என்றால் காலுக்கு ஆகாதே?

சேற்றில்நின்றவள்
ஆகாதுதான் அண்ணா. காரத்தன்மை அதிகம், வெறுங்காலோடு நடந்தால் தோல் வெடிக்கும். தினமும் இரவில் தண்ணீரில் கொஞ்சம் வினிகர் கலந்து காலைத் துடைத்து, களிம்பு தடவி, சாக்ஸ் போட்டுக்கொண்டு படுக்க வேண்டும்.

பிளாயா_பழசு
வினிகரைப் பெரிதுபடுத்துகிறார்கள். பகல் முழுக்க சாக்ஸும் மூடிய பூட்ஸும் போட்டவனுக்கு அது தேவையே இல்லை. ஏற்கெனவே வெடித்த காலில் ஊற்றினால் எரிச்சல்தான் மிச்சம்.

சேற்றில்நின்றவள்
ஊற்றச் சொல்லவில்லை, நன்றாக நீர்த்ததில் துணியை நனைத்துத் துடைக்கச் சொன்னேன். பூட்ஸுக்குள்ளும் அந்த மாவு புகுந்துவிடும் என்பது உங்களுக்கே தெரியும்.

கணக்குப்பிள்ளை
கால் விவகாரம் அப்புறம். கேட்டவருக்கு இன்னும் ஐந்து நாள்தான் இருக்கிறது. வழி இரண்டுதான். பெரிய வண்டி, அல்லது இரண்டு பேர் பேருந்தில் போவது. ரீனோவிலிருந்தும் சான்ஃபிரான்சிஸ்கோவிலிருந்தும் விழாவுக்கென்றே பேருந்து விடுகிறார்கள், இடம் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். இரண்டாவது கார் எடுத்தால் அதற்கும் தனி அனுமதிச்சீட்டு வேண்டும், மறந்துவிடாதீர்கள்.

தண்ணீரில் 6 கேலனைப் பாட்டில்களில் உறையவைத்து ஐஸ்பெட்டியில் அடுக்குங்கள். உணவும் கெடாது, உருகியதும் குடிக்கலாம். தனியாக ஐஸ் சுமக்கும் எடை மிச்சம்.

வலைக்கூரைக்கு: பழைய படுக்கை விரிப்பை வெட்டி, வலையின் உள்பக்கம் ஊசி நூலால் தைத்துவிடுங்கள். பசை டேப் தூசியில் விட்டுவிடும். அப்படித் தைத்தாலும் தூசி கொஞ்சம் வரத்தான் செய்யும், அதனால் மாற்றுத் துணியை ஜிப் பைகளில் வையுங்கள். இரவில் 40 டிகிரி ஃபாரன்ஹீட் வரை இறங்கலாம், கம்பளிச் சட்டை ஒன்று அவசியம்.

நிழல்விரும்பி
முதல்பயணம், இருக்கிறீர்களா? வண்டி என்ன ஆயிற்று?

பிளாயா_பழசு
மூன்று நாளாகப் பதில் இல்லை. தம்பி, நான் கடுமையாகப் பேசியதால் ஒதுங்கிவிடாதீர்கள். போல்ட் வாங்க முடியவில்லை என்றால் சொல்லுங்கள், என்னிடம் உபரியாக 12 இருக்கிறது. அங்கேயே வந்து தருகிறேன்.

முதல்பயணம் (18 நாள் கழித்து)
வணக்கம். போய்விட்டு நலமாகத் திரும்பிவிட்டோம். அக்காவின் மினிவேனைக் கேட்டு வாங்கினோம், அனுமதிச்சீட்டு வண்டி மாறினாலும் செல்லும் என்றார்கள். 48 கேலனும் ஏற்றினோம், 9 கேலன் திரும்பி வந்தது. புதன்கிழமைப் புழுதிக்காற்றில் எதிர்ப்பக்கத்து நிழல்கூடாரம் ஒன்று முறிந்து விழுந்தது, லேக் போல்டும் சங்கிலியும் போட்ட எங்கள் டெண்ட் நின்றது. கூரையைத் தைத்ததால் படுக்கையில் தூசி குறைவு. வினிகர் எடுத்துப்போக மறந்துவிட்டோம், என் இடது குதிகால் இன்னும் வெடிப்போடுதான் இருக்கிறது. எல்லாருக்கும் நன்றி, முக்கியமாகக் கதவைத் திறந்து தாளைப் பார்க்கச் சொன்னவருக்கு.

கடற்கரையாள்
நலமாக வந்தது சந்தோஷம். அந்தச் சங்கிலி என்ன தடிமன் வாங்கினீர்கள்? களிமண் தரையில் ஓர் இடத்துக்குப் போகிறேன், நானும் அதையே பயன்படுத்திப் பார்க்க நினைக்கிறேன்.

பிளாயா_பழசு
தடிமனைவிட, கண்ணிக்குள் அரை அங்குல போல்ட் நுழைகிறதா என்பதுதான் முக்கியம். வாஷர் சங்கிலிக் கண்ணியைவிடப் பெரிதா என்று கடையிலேயே போட்டுப் பார்த்து வாங்குங்கள். இல்லையென்றால் கண்ணி போல்ட் தலை வழியாகக் கழன்று வந்துவிடும்.