சூடானால் மட்டும் கார் ஸ்டார்ட் ஆக மறுக்கிறது, வழி சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. என்னுடையது இருபது வருடப் பழைய பெட்ரோல் கார். காலையில் சாவியைத் திருப்பியதுமே கிளம்பிவிடும். கொஞ்ச தூரம் ஓட்டி நிறுத்திவிட்டு, பத்து நிமிடத்தில் மறுபடி எடுக்கும்போதுதான் தகராறு. ஸ்டார்ட்டர் நன்றாகவே சுற்றுகிறது, ஆனால் இன்ஜின் பிடிப்பதில்லை. அரை மணி நேரம் ஆறவிட்டால் ஒன்றுமே நடக்காததுபோல் ஓடும். நாலு தடவைக்கு ஒரு தடவைதான் இப்படி என்பதால், மெக்கானிக்கிடம் கொண்டுபோனால் அங்கே ஒழுங்காக ஸ்டார்ட் ஆகிவிடுகிறது.

பேட்டரி 12.6 வோல்ட் காட்டுகிறது, ஸ்டார்ட் செய்யும்போதும் 10.4க்குக் கீழே இறங்கவில்லை. டெர்மினல்களைச் சுத்தம் செய்து, எர்த் ஒயரையும் கழற்றி இறுக்கிவிட்டேன். ஸ்பார்க் பிளக் புதிது.

எனக்குச் சந்தேகம் கிராங்க் சென்சார் (இன்ஜின் சுற்றுவதைக் கவனித்து கம்ப்யூட்டருக்குச் சொல்லும் உணரி) மேல்தான். சூட்டில் அதன் உள்ளே இருக்கும் கம்பிச்சுருள் (coil) விட்டுப்போய், ஆறினதும் சேர்ந்துகொள்வது உண்டு. ஸ்டார்ட் ஆக மறுக்கும் நேரத்தில், இன்ஜின் வேகம் காட்டும் ஆர்பிஎம் முள்ளும் அசையவே இல்லை. ஆனால் ஃப்யூவல் பம்ப் ரிலேயும் (பெட்ரோல் பம்புக்குக் கரண்ட் கொடுக்கும் சுவிட்ச்) இப்படிப் படுத்துமே? சாவியை ஆன் செய்ததும் பம்ப் சத்தம் சில நேரம் கேட்கிறது, சில நேரம் கேட்பதில்லை.

சென்சாரை மாற்றும் முன் மல்டிமீட்டரை வைத்தே உறுதி செய்ய முடியுமா? சூடாக இருக்கும்போது ரெசிஸ்டன்ஸ் பார்த்தால் போதுமா? அம்மாவை மருத்துவமனைக்குக் கூட்டிப்போகும் வண்டி இது. அவரோடு நடுவழியில் நின்றுவிடுமோ என்று பயமாக இருக்கிறது. அனுபவப்பட்டவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.