உடம்பு வழியாகச் செய்யும் ட்ராமா (மன அதிர்ச்சி) தெரபி: அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்களேன்

வணக்கம். என் அக்கா இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு பஸ் விபத்தில் உயிர் தப்பியவர். காயமெல்லாம் ஆறிவிட்டது. ஆனால் பின்னாலிருந்து ஏர் ஹாரன் கேட்டால் போதும், தோள் இரண்டும் காதுவரை ஏறிவிடும், மூச்சு நெஞ்சோடு நின்றுவிடும். கையைத் தொட்டால் ஐஸ்.

கவுன்சலிங் போனார். நடந்ததைத் திரும்பத் திரும்பச் சொல்லச் சொன்னதில் ராத்திரித் தூக்கமும் போனதுதான் மிச்சம். அப்புறம்தான் பீட்டர் லெவின் உருவாக்கிய சோமாட்டிக் எக்ஸ்பீரியன்சிங் என்ற சிகிச்சை முறை பற்றிப் படித்தேன். கதையை முழுசாகச் சொல்ல வைக்காமல், உடம்பில் எங்கே இறுக்கம், எங்கே சூடு என்று கொஞ்சமாகத் தொட்டுவிட்டு, பாதம் தரையில் பதிவது மாதிரி நிம்மதியான ஓர் உணர்வுக்குத் திரும்புவார்களாம். ஊஞ்சல் போல, அங்கேயும் இங்கேயும். கண்ணை இடமும் வலமுமாக அசைக்க வைத்துச் செய்யும் இ.எம்.டி.ஆர் சிகிச்சை அளவுக்கு இதற்கு ஆராய்ச்சி ஆதாரம் இல்லை என்பதும் தெரியும். அதனால் டாக்டர் கொடுத்த மாத்திரையை நிறுத்தப் போவதில்லை.

இங்கே யாராவது இதற்குப் போயிருக்கிறீர்களா? மதுரை, திருச்சி பக்கம் முறையாகப் பயிற்சி பெற்றவர் உண்டா? தமிழில் பேச வேண்டும். "சென்சேஷன்" என்றால் அக்கா முழிப்பார், "எங்கே பிசையுது?" என்றால் உடனே சொல்லிவிடுவார். தொட்டுச் செய்வதென்றால் முன்கூட்டியே சம்மதம் கேட்பார்களா? ஆன்லைனில் எடுபடுமா?