அண்ணாச்சியிடம் கதை வாசித்தவர்கள்

கோவில்பட்டியில் எங்கள் வாசகர் வட்டத்தை நடத்திவந்த அண்ணாச்சி போன மாதம் காலமானார். அவரிடம் எழுதப் பழகியவர்கள் சிவகாசி, தூத்துக்குடி, சென்னை, வளைகுடா என்று சிதறிக் கிடக்கிறோம். இரங்கல் கூட்டத்தில் பாதிப் பேருக்குப் பேச நேரம் கிடைக்கவில்லை. அவரவருக்கு நினைவிருப்பதை எழுதிவைப்போம் என்று முடிவானது. நான் தொடங்குகிறேன். தன் பெயர் அச்சில் வருவதை அவர் விரும்பியதில்லை என்பதால் அண்ணாச்சி என்றே எழுதுகிறேன்.

தபால் இலாகாவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எங்களுக்கு முந்தைய தலைமுறை எழுத்தாளர்கள் காந்தி மைதானத்தில் உட்கார்ந்து இரவு நெடுநேரம் பேசிய காலத்தில், ஓரமாக இருந்து கேட்டவர். எங்கள் கூட்டம் ஒரு டுட்டோரியல் மாடியில், ஞாயிறு சாயங்காலம் நடக்கும். டீயும் காராச்சேவும் அவர் செலவு.

கூட்டத்துக்கு அவர் வைத்திருந்த முறையை வேறெங்கும் நான் பார்த்ததில்லை. எழுதியவர் கதையை வாய்விட்டு வாசிக்க வேண்டும். பிறகு கேட்டவர்கள் ஒவ்வொருவராக அந்தக் கதையைத் தாங்கள் கேட்டபடி திருப்பிச் சொல்ல வேண்டும். நல்லாருக்கு, நல்லால்ல என்ற பேச்சுக்கே இடமில்லை. எழுதியவர் வாயைத் திறக்கக் கூடாது. ஐந்தாறு பேர் சொல்லி முடிக்கும்போது நம் கதையில் எது நின்றது, எது உதிர்ந்தது என்று நமக்கே தெரிந்துவிடும். எல்லோரும் தடுமாறுகிற இடம் ஒன்று இருக்கும். அண்ணாச்சி கடைசியில் அந்த இடத்தைப் பற்றி மட்டும் இரண்டு கேள்வி கேட்பார். அடுத்தவர் தாளில் அவர் பேனா பட்டு நான் பார்த்ததே இல்லை.

மழை பொய்த்த வருசம் ஒரு சம்சாரி உழவு மாட்டை விற்கிற கதையை நான் வாசித்தேன். எல்லோரும் சம்சாரி அழுததைச் சொன்னார்கள். மாட்டைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அண்ணாச்சி கேட்டார்: "தம்பி, மாட்டுக்கு எத்தனை பல்லு? துண்டுக்குள்ள விரலப் பிடிச்சு தரகன் என்ன விலை சொன்னான்?" ஊருக்குப் போய் பெரியப்பாவிடம் கேட்டேன். பல்லெல்லாம் முளைத்து முடிந்து கடை சேர்ந்த மாட்டுக்கு விலை எப்படி இறங்கும், துண்டை மூடிக்கொண்டு எந்த விரலைப் பிடித்தால் எவ்வளவு என்று பெரியப்பா என் கையைப் பிடித்தே சொல்லிக்கொடுத்தார். திருத்தி எழுதியபோது அழுகை போய்விட்டது. துண்டும் அதற்குள் இருந்த இரண்டு கைகளும் மட்டும் நின்றன. சிறுபத்திரிகையில் வந்த என் முதல் கதை அதுதான்.

விளாத்திகுளம் பக்கத்திலிருந்து வரும் அக்கா ஒருவர் தன் அனுபவத்தையும் சேர்க்கச் சொன்னார். அவர் சிறுமியாக இருந்தபோது விடியுமுன்னே ஊருக்குள் வரும் தீப்பெட்டி ஆபீஸ் பஸ்ஸில் ஏறி வேலைக்குப் போனவர். முதன்முதலில் அவர் வாசித்தது ஒரு பணக்கார வீட்டுக் காதல் கதை. யாராலும் திருப்பிச் சொல்ல முடியவில்லை. அண்ணாச்சி அந்தக் கதையை விட்டுவிட்டு, கட்டை அடுக்குகிற, அதாவது தீக்குச்சிகளை வரிசையாக அடுக்குகிற சட்டம் எப்படி இருக்கும் என்று சாதாரணமாகக் கேட்டிருக்கிறார். அக்கா சொல்லத் தொடங்கினார். பஸ்ஸில் தூங்கி விழுவது, விரல் நுனியில் ஒட்டிய பசை காய்ந்து உரிவது, கணக்குப்பிள்ளை பெட்டியைக் கழித்துப் போடுவது என்று பேச்சு முக்கால் மணி நேரம் போனது. மாடியில் ஒரு சத்தமில்லை. "இப்பச் சொன்னியே தாயி, அத அப்படியே எழுதிட்டு வா" என்றாராம். அந்த வேலையை எழுதலாம் என்று அதற்கு முன்னால் அக்காவிடம் யாரும் சொன்னதில்லை. எங்கள் கரிசல் மண்ணின் வாழ்க்கையைச் சொல்லும் கரிசல் எழுத்து என்று நாம் பெருமையாகச் சொல்வதெல்லாம் இப்படிப்பட்ட கேட்டலில் பிறந்தது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

நாற்பது வயதில் வந்து, இனிமேல் என்ன எழுத என்று தயங்கியவர்களுக்கு அவர் கோவில்பட்டி பக்கத்து இடைசெவலைக் காட்டுவார். எழுத்தாளர்கள் கு. அழகிரிசாமியும் கி. ராஜநாராயணனும் (கி.ரா.) அந்தச் சின்ன ஊரில் பிறந்த சிநேகிதர்கள். அழகிரிசாமி இளமையிலேயே எழுதத் தொடங்கி 1970இல் ஐம்பதை எட்டுமுன் போய்விட்டார். கி.ரா. முப்பதைத் தாண்டித்தான் எழுதவே வந்தார், 98 வயது வரை இருந்தார். இருவருக்கும் சாகித்திய அகாடமி விருது வந்தது. 2021 மே மாதம் கி.ரா.வின் உடல் புதுச்சேரியிலிருந்து இடைசெவலுக்கு வந்தபோது ஊரடங்கு. கூட்டம் கூட வழியில்லை. அண்ணாச்சி எங்கள் ஒவ்வொருவருக்கும் போன் போட்டு, கி.ரா. எழுதியதில் ஒன்றைத் திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேட்டார். அதுதான் நாங்கள் செய்த அஞ்சலி.

அண்ணாச்சியின் அஞ்சலட்டைகளைப் பற்றி வளைகுடா நண்பர் விரிவாக எழுதுவார். எனக்குத் தெரிந்தது இவ்வளவு: இளவயதில் அவர் கதை ஒன்று அச்சானதும் விமர்சகர் தி.க.சி.யிடமிருந்து ஒரு கார்டு வந்திருக்கிறது. தி.க.சி. நெல்லையிலிருந்து எத்தனையோ இளம் எழுத்தாளர்களுக்கு அப்படி எழுதியவர். 2014இல் அவர் மறைந்த பிறகு அந்த வேலையை யாராவது செய்ய வேண்டாமா என்று அண்ணாச்சி கேட்டார், தானே செய்யவும் தொடங்கினார். ஐம்பது பைசா கார்டில், எந்தப் பத்திரிகையில் யார் எழுதிய முதல் கதையாக இருந்தாலும், படித்த அன்றே நாலு வரி.

ஒரு விஷயத்தில் எனக்கு இன்றும் ஆற்றாமை உண்டு. அவர் எழுதிய கதைகள் புத்தகமாகவில்லை. கேட்கும்போதெல்லாம் அடுத்த ஞாயிறு வாசிக்கப்போகிறவன் பெயரைச் சொல்லி பேச்சை மாற்றிவிடுவார். எங்களுக்காகச் செலவழித்த ஞாயிறுகளில் பாதியைத் தனக்கென்று வைத்திருந்தால் இரண்டு தொகுப்பாவது வந்திருக்கும். அதற்காக அவரிடம் சண்டை போட்டிருக்கிறேன், இப்போதும் போடுவேன்.

வீட்டில் டிரங்குப் பெட்டியில் நோட்டுகள் இருப்பதாக மதினி சொன்னார்கள். தட்டச்சு செய்ய இரண்டு பேர் ஒத்துக்கொண்டிருக்கிறார்கள், இன்னும் ஆள் வேண்டும். பழைய சிறுபத்திரிகைகளில் அவர் கதை வந்த பக்கம் யாரிடமாவது இருந்தால் படம் எடுத்து அனுப்புங்கள். அவர் எழுதிய கார்டு வைத்திருப்பவர்கள் தபால் முத்திரையில் தேதி தெரிகிற மாதிரி இரண்டு பக்கத்தையும் எடுங்கள். அடுத்த கூட்டம் வழக்கம்போல டுட்டோரியல் மாடியில். சாத்தூரிலிருந்து வரும் தம்பி புதுக்கதை வாசிக்கிறான், கேட்டுத் திருப்பிச் சொல்ல ஆள் வேண்டும்.