48 நாள் நடைப் போட்டி: உடம்புக்கா, பட்டியலுக்கா?

ஐந்தாம்மாடி:
எங்கள் அடுக்ககத்தில் பொங்கல் கழிந்ததும் ஒரு மண்டல ஆரோக்கியப் போட்டி தொடங்கியிருக்கிறார்கள். ஐந்தைந்து பேராகக் குழு. தினமும் 10,000 அடி நடந்தால் பத்துப் புள்ளி, சர்க்கரை தொடாத நாளுக்கு ஐந்து, இரவு பத்தரைக்குள் படுத்தால் ஐந்து. ஒருவர் ஒரு நாள் விட்டாலும் குழுவின் தொடர் கணக்கு பூஜ்யத்துக்குப் போய்விடும். வாராவாரம் எல்லோருடைய எடையையும் லிஃப்ட் அருகே பலகையில் ஒட்டுகிறார்கள். எனக்கு இது மதிப்பெண் அட்டையாகத்தான் தெரிகிறது. உங்கள் கருத்து?

விடியல்நடை:
இதே போன்ற குழு ஒன்றில் நானும் இருக்கிறேன், அதனால் எதிர்த்தே பேசுகிறேன். தனியாக நடப்பேன் என்று சபதம் செய்தவர்களில் எத்தனை பேர் மார்கழிப் பனியில் எழுந்தார்கள்? கீழே நாலு பேர் காத்திருக்கிறார்கள் என்றால் செருப்பு தானாகக் காலில் ஏறும். தமிழக அரசு 2023 நவம்பரில் மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதை குறித்துக் கொடுத்தது. பாதை கொடுக்கலாம், எழுப்பிவிட ஆள் வேண்டாமா? நாட்டில் சுமார் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) ஆய்வு சொன்னதும் அதே ஆண்டுதான். இதில் கூச்சம் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது?

கணக்குப்பிள்ளை:
அந்த 10,000 எங்கிருந்து வந்தது தெரியுமா? டோக்கியோ ஒலிம்பிக் முடிந்த மறு ஆண்டு, 1965இல், ஜப்பானில் விற்பனைக்கு வந்த அடி எண்ணும் கருவியின் பெயரே அதுதான். மருத்துவர் யாரும் எழுதிக் கொடுத்த அளவு அல்ல. 2019இல் அமெரிக்காவில் வயதான பெண்களிடம் செய்த ஆய்வில், நாளுக்கு 2,700 அடி நடந்தவர்களைவிட 4,400 அடி நடந்தவர்களிடம் இறப்பு குறைவாக இருந்தது. சுமார் 7,500க்கு மேல் கூடுதல் பலன் தெரியவில்லை. எழுபது வயது மாமியைப் பத்தாயிரத்துக்கு விரட்டுகிறவர்கள் இதைப் படித்தால் நல்லது.

அடுக்களைவாசி:
எனக்கு வேறொரு வழக்கு. விடிந்ததிலிருந்து அடுப்படிக்கும் துணி காயும் கொடிக்கும் நடந்துகொண்டே இருக்கிறேன். கைப்பேசி மிக்ஸி பக்கத்தில் கிடக்கும். நைட்டியில் பை கிடையாது. இரவு பார்த்தால் கணக்கில் ஆயிரத்துச் சொச்சம். என் வீட்டுக்காரர் கூடத்தில் உலாவியபடி அலுவலகத்தோடு பேசியே பத்தாயிரத்தைத் தாண்டிவிடுகிறார். எங்கள் குழுத்தலைவரோ கைப்பேசியை மகனின் கால்சட்டைப் பையில் போட்டுக் கிரிக்கெட் ஆட அனுப்பிவிட்டு மெத்தையில் படுத்திருக்கிறார். முதலிடம் அவருக்குத்தான்.

விடியல்நடை:
அக்கா, பையன் ஆடியதாவது மிச்சம்! போட்டி என்றால் நாலு பேர் தில்லுமுல்லு செய்யத்தான் செய்வார்கள். அதற்காக மற்றவர்களையும் வீட்டில் உட்காரச் சொல்வதா? மண்டலம் என்று சும்மா வைக்கவில்லை. ஐயப்பனுக்கு மாலை போட்டவரைப் பாருங்கள். ஓயாமல் புகைப்பவர்கூட அத்தனை நாளும் சிகரெட்டைத் தொடமாட்டார். தெருவே பார்க்கிறது என்ற பயம்தான் காரணம்.

ஐந்தாம்மாடி:
மலையிறங்கி மாலையைக் கழற்றியதும் அவர் எங்கே போகிறார் என்பதையும் சொல்லுங்கள் சார். நேரே பெட்டிக்கடைக்கு. பார்வைக்குப் பயந்து செய்வது, பார்வை அகன்றதும் போய்விடும்.

கணக்குப்பிள்ளை:
48 நாளில் பழக்கம் படிந்துவிடும் என்பதற்கும் உறுதியில்லை. லண்டனில் நடந்து 2010இல் வெளியான ஆய்வில், ஒரு செயல் தன்னிச்சையாக நிகழச் சராசரியாக 66 நாள் ஆனது. ஆளுக்கு ஆள் 18 நாள் முதல் 254 நாள் வரை மாறியது. இடையில் ஒரு நாள் தவறியதால் பெரிய பாதிப்பு இல்லை என்பதும் அதே ஆய்வின் முடிவு. அப்படியிருக்க, ஒருவர் காய்ச்சலில் படுத்தால் ஐந்து பேரின் கணக்கையும் பூஜ்யமாக்குவது எந்த ஊர் நியாயம்?

வார்டு_செவிலி:
நான் மருத்துவமனையில் வேலை செய்கிறேன். நீங்கள் யாரும் தொடாத ஒன்றைச் சொல்கிறேன். இன்சுலின் போடுகிறவர்களும் சில வகைச் சர்க்கரை மாத்திரை எடுப்பவர்களும் சாப்பிடாமல் வேகமாக நடந்தால் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடலாம். கை நடுங்கும், சட்டை நனைய வியர்க்கும், பேச்சு குழறும். அப்போது உடனே குளுக்கோஸோ சர்க்கரைத் தண்ணீரோ கொடுக்க வேண்டும். உங்கள் விதிப்படி 'சர்க்கரை தொட்ட நாள்' என்று அவருக்கு ஐந்து புள்ளியைக் கழிப்பீர்களா? புள்ளி போகுமே என்று அவர் தாமதித்தால் என்ன ஆகும்? குழுவை நான் எதிர்க்கவில்லை. ஐந்து பேர் சேர்ந்து போனால், ஒருவர் தள்ளாடும்போது பிடிக்க ஆள் இருக்கிறது. விதிகளில்தான் கோளாறு. இரவுச் சாப்பாட்டுக்குப் பின் பதினைந்து நிமிடம் மெல்ல நடந்தாலே சாப்பிட்டதும் ஏறும் சர்க்கரை குறையும். அதற்கு உங்கள் பட்டியலில் இடமே இல்லை. உலக சுகாதார நிறுவனம் கேட்பது வாரத்துக்கு 150 நிமிட மிதமான உழைப்பும், இரண்டு நாள் தசைக்கான பயிற்சியும். அந்த இரண்டாவதை எல்லோரும் மறந்துவிடுகிறோம். நாற்காலியில் கையூன்றாமல் உட்கார்ந்து எழுவதுகூடக் கணக்குதான்.

விடியல்நடை:
செவிலியம்மா சொன்னதை ஒப்புக்கொள்கிறேன். சர்க்கரை விதி போகட்டும், எடைப் பட்டியலும் போகட்டும். வருகைப் பதிவை மட்டும் விடமாட்டேன். யார் வந்தார், யார் வரவில்லை என்று ஒருவர் குறிக்காவிட்டால் மாசி பிறப்பதற்குள் குழு கலைந்துவிடும்.

அடுக்களைவாசி:
வருகைப் பதிவுக்குச் சம்மதம், நேரத்தை மாற்றினால். காலை ஆறு மணிக்கு எங்கள் வீட்டில் குக்கர் விசில் அடிக்கும். இரவு எட்டரைக்கு வைத்தால் நாங்கள் ஏழெட்டுப் பேர் வருவோம். பாத்திரத்தை வீட்டுக்காரர்கள் கழுவட்டும். அதற்கு வேண்டுமானால் பத்துப் புள்ளி கொடுங்கள்.

ஐந்தாம்மாடி:
எட்டரை எனக்கும் சரி. ஞாயிற்றுக்கிழமை சங்கக் கூட்டத்தில் எழுத்தில் கொடுக்கிறேன், யாரெல்லாம் கையெழுத்துப் போடுவீர்கள்? பலகையின் சாவி செயலாளரிடம் இருக்கிறது. இந்த வாரம் எடை குறைந்தவர்களில் அவரும் ஒருவர். லேசில் கழற்ற விடமாட்டார்.